டாங்கி எதிர்ப்பு ஏவுகணை சிமுலேட்டர்: வாங்கும்போதும் பழகும்போதும் நடக்கும் தவறுகள்

ஜாவலின் என்ற அமெரிக்க டாங்கி எதிர்ப்பு ஏவுகணை ஒன்றின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். பழகுவதற்காக ஆளுக்குப் பத்து என்று எந்த ராணுவமும் அதைச் சுட்டுத் தள்ளாது. ஏவுகணைப் பிரிவிலேயே இருந்தும் நிஜமான ஒன்றை ஏவிப் பார்க்காமல் பணிக்காலத்தை முடிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெரிந்த 'ஏவுதல்' என்பது சிமுலேட்டரில் பார்த்ததுதான், அதில் எது தப்பாக இருந்தாலும் அதுவும் சேர்ந்தே கையில் படிந்துவிடும். பயிற்சியே கொடுக்காவிட்டால் ஒருவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தப்பான பயிற்சி கொடுத்தால் தெரியும் என்ற நம்பிக்கையோடு தப்பாகச் செய்வார். எனக்கு இரண்டாவது வகை ஆளிடம்தான் பயம் அதிகம்.

எல்லா ஏவுகணையும் ஒன்று என்று நினைப்பது

'டாங்கி எதிர்ப்பு ஏவுகணை சிமுலேட்டர்' என்று ஒரே வரியில் தேவையை எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைத்ததை எல்லோருக்கும் பொதுவாக வைப்பது முதல் தவறு. 1960களின் சோவியத் மல்யுட்கா (மேற்கில் இதன் பெயர் சாகர்) ஏவுகணையை, அது பறக்கும் வழி நெடுக கன்னர் (குறிபார்த்து ஏவுபவர்) தன் கையால் ஒரு சிறு குச்சியைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். அதற்கான சிமுலேட்டர் கைத்திறனைப் பழக்க வேண்டியது, ஆயிரக்கணக்கான பாவனை ஏவுதல்கள் தேவைப்பட்ட திறன் அது. அடுத்த தலைமுறையான டோ, மிலான், கொங்கூர்ஸ் போன்றவற்றில் குறுக்குக்கோட்டை இலக்கின் மேல் நிறுத்தி வைத்தால் போதும், ஏவுகணையை ஓட்டும் வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும், அங்கே பழக்க வேண்டியது அசையாத பொறுமை. ஜாவலின் மாதிரி 'ஏவிவிட்டு மறந்துவிடு' வகையில் ஏவிய பிறகு கன்னருக்கு வேலையே இல்லை. எல்லாச் சிரமமும் விசையை அழுத்துவதற்கு முன்னால்தான். ஸ்பைக்கின் சில வகைகளில் ஏவுகணையின் கண்ணில் படுவது ஒளியிழை வழியாகத் திரும்பி வருவதால், பாதி வழியில் இலக்கை மாற்றலாமா வேண்டாமா என்ற முடிவும் கன்னர் தலையில் விழுகிறது.

இந்த நான்குக்கும் ஒரே மென்பொருளில் ஏவுகணையின் படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால், வாங்கியவர் கையில் இருப்பது விளையாட்டு, சிமுலேட்டர் அல்ல.

பறக்கும் நேரத்தைச் சுருக்குவது

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். டோ ஏவுகணை தன் முழு எல்லையான 3,750 மீட்டரை எட்ட ஏறத்தாழ 20 விநாடி ஆகும். மிலான் 2,000 மீட்டருக்குப் பன்னிரண்டு சொச்சம். மல்யுட்காவுக்கு 3,000 மீட்டர் போக 25 விநாடி வரை ஆகும். படிக்கும்போது சின்ன எண்கள். ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையை அசைக்காமல், ஒரு புள்ளியையே 20 விநாடி பார்த்துக்கொண்டு இருந்து பாருங்கள், அப்புறம் தெரியும்.

வகுப்பில் ஆள் கூட்டம், நேரம் குறைவு. பயிற்றுநர் 'சீக்கிரம் அடுத்தவர் வரட்டும்' என்று எல்லா இலக்கையும் 800 மீட்டரிலேயே வைத்துவிடுவார். நாலைந்து விநாடியில் வெடிப்பு தெரியும், எல்லோரும் கைதட்டுவார்கள், வரிசை நகரும். இப்படிப் பழகியவர் நிஜத்தில் பத்தாவது விநாடியில் 'இன்னும் வெடிக்கவில்லையே' என்று கண்ணை எடுப்பார். பின்னால் அவிழ்ந்துகொண்டே போகும் மெல்லிய கம்பி வழியாகக் கட்டளை பெறும் கம்பிவழி ஏவுகணையில் கண்ணை எடுத்தால் அந்த ஏவுகணை போச்சு.

இதைவிட மோசம், திருப்பிச் சுடாத எதிரி. 1973 அக்டோபர் போரில் எகிப்தியக் காலாட்படை சாகரை வைத்து இஸ்ரேலிய டாங்கிகளைத் திணறடித்தது. சில நாட்களிலேயே இஸ்ரேலியர்கள் ஒரு வழி கண்டார்கள்: ஏவுகணை கிளம்பும் புகையையும் புழுதியையும் கண்டதும் சத்தம் போட்டு மற்றவர்களை எச்சரிப்பது, டாங்கியைத் தாறுமாறாக நகர்த்துவது, புகை கிளம்பிய இடத்தைச் சுற்றிச் சரமாரியாகச் சுடுவது. கன்னர் சாக வேண்டும் என்றுகூட இல்லை, தலையைக் குனிந்தாலே போதும், பறந்துகொண்டிருக்கும் ஏவுகணை குறி தவறும். சாகரில் கன்னர் ஏவுகருவியிலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி உட்கார முடிந்தது, அப்படி இருந்தும் இந்த நிலைமை. சரி, இன்றைய சிமுலேட்டர்கள் எத்தனையில் டாங்கி திருப்பிச் சுடுகிறது? நேர்கோட்டில், ஒரே வேகத்தில், தானாகவே பலியாக வருகிற மாதிரி ஊர்ந்து வரும் டாங்கியை நூறு தடவை அடித்துப் பழகியவருக்கு, புகைக் குண்டு வீசிவிட்டு மேட்டுக்குப் பின்னால் மறையும் டாங்கி முற்றிலும் புதிய விஷயமாக இருக்கும்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாதி இலக்குகளையாவது முழு எல்லைக்குப் பக்கத்தில் வையுங்கள், சிலவற்றை எல்லைக்கு வெளியே வையுங்கள். சுடக்கூடாத இலக்கைச் சுடாமல் விட்டவருக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

திரையின் அழகில் மயங்குவது

விற்பனைக்கு வருபவர் முதலில் காட்டுவது காட்சியைத்தான். புல் ஆடும், மேகம் நகரும், தண்ணீரில் நிழல் விழும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரியும். 2.2 மீட்டர் உயர டாங்கி ஒன்று 4 கிலோமீட்டர் தள்ளி நின்றால் அது கண்ணில் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ 0.03 டிகிரி. 60 டிகிரி அகலத்தைக் காட்டும் சுவர்த்திரையில் குறுக்கே 1,920 பிக்சல் இருந்தால் டிகிரிக்கு 32 பிக்சல், அந்த டாங்கிக்குக் கிடைப்பது ஒரே ஒரு பிக்சல் உயரம். அதன் முன்னால் உண்மையான குறிநோக்கியை வைத்து எத்தனை மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் தெரிவது பெரிய சதுரம்தான். அதே 1,920 பிக்சலைக் குறிநோக்கிக்குள்ளேயே ஒரு சிறு திரையாக வைத்து 6 டிகிரியை மட்டும் காட்டினால் டாங்கிக்குப் பத்துப் பிக்சல் கிடைக்கும்.

பத்துப் பிக்சலில் என்ன தெரியும்? 1958இல் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் உண்டு: ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிய சுமார் இரண்டு பிக்சல், அது டாங்கியா லாரியா என்று பிரித்தறிய எட்டு, எந்த டாங்கி என்று அடையாளம் காணப் பதின்மூன்று. ஆக, அந்தத் தூரத்தில் டாங்கி என்று தெரியும், யாருடைய டாங்கி என்று தெரியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெப்பத்தைப் படமாகக் காட்டும் உண்மையான தெர்மல் குறிநோக்கியில் படம் மங்கல், இரைச்சல் புள்ளிகளோடு இருக்கும்; சிமுலேட்டரில் அதைக் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் காட்டிவிட்டால், களத்தில் எந்தக் காலத்திலும் செய்ய முடியாத அடையாளம் காணலை வகுப்பில் எல்லோரும் எளிதாகச் செய்துவிடுவார்கள். தெர்மலில் டாங்கி எப்போதும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் என்பதும் சிமுலேட்டர் ஊட்டும் மூடநம்பிக்கைகளில் ஒன்று. காலையிலும் மாலையிலும் ஒரு சமயம் டாங்கியின் தகடும் சுற்றியுள்ள மண்ணும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடும், அப்போது இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும் டாங்கி பின்னணியோடு கரைந்துவிடும். வெயிலில் காய்ந்த பாறை டாங்கியைவிடப் பிரகாசமாகத் தெரியும். மழை பெய்தால் எல்லாமே ஒரே சாம்பல். இவற்றைக் காட்டாத தெர்மல் காட்சி, பகல் படத்துக்குச் சாயம் மாற்றியது மட்டும்தான்.

எதிரி டாங்கிகளை மட்டும் படமாக வைத்திருப்பதும் சின்னத் தவறல்ல. 1991 வளைகுடாப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்க வீரர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் சொந்தப் படையின் குண்டுக்கே பலியானவர்கள். திரையில் வருவதெல்லாம் சுடத்தக்கது என்று பழகிய விரலுக்கு, சொந்த வண்டியைக் கண்டால் நிற்கத் தெரியாது.

கைக்கும் தோளுக்கும் வேலை வைக்காதது

அமெரிக்காவின் பழைய டிராகன் ஏவுகணை இதற்கு நல்ல உதாரணம். குழாயின் முன்பக்கத்துக்கு இரட்டைக்கால் தாங்கி, பின்பக்கம் கன்னரின் தோளில். ஏவுகணை கிளம்பியதும் தோளில் இருந்த பாரம் சட்டென்று குறையும், காதருகே வெடிச்சத்தம் வேறு. ஆள் தன்னை அறியாமல் துள்ளுவார், குறுக்குக்கோடு விலகும், ஏவுகணை தரையில் போய்க் குத்தும். அதற்கப்புறம் 1,000 மீட்டருக்குப் பதினோரு விநாடி அசையாமல் வேறு இருக்க வேண்டும். இதற்காகவே ஏவும்போதுள்ள அதிர்வையும் எடைக் குறைவையும் உண்டாக்கும் தனிப் பயிற்சிக் கருவியைச் செய்தார்கள். படத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தத் துள்ளல் போகாது, தோளுக்குத்தான் அதைப் பழக்க வேண்டும்.

அதனால் மாதிரிக் கருவி நிஜத்தின் எடையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜாவலின் ஏவுகணையும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல். பிளாஸ்டிக் பொம்மையை மேசையில் வைத்துப் பழகியவர் இதைத் தூக்கிக்கொண்டு மேடேறி மூச்சிரைக்கக் குறிபார்க்கும்போது வேறு ஆளாகத் தெரிவார். முக்காலியில் நிற்கும் வகைகளில் திருப்பும்போது கைக்குத் தெரியும் இறுக்கமும் இழுவையும் முக்கியம். விளையாட்டுக் கருவியின் குச்சியைப் போல வழுக்கிக்கொண்டு திரும்பினால் பயனில்லை. தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி மலிவு, எடுத்துப் போக எளிது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை மாட்டிய பிறகு பூட்டைத் திறப்பது, மூடியைக் கழற்றுவது, ஏவுகணையைக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைப்பது எல்லாம் காற்றில் கைவீசுவதாகிவிடும். அந்த வேலைகளுக்கு இரும்பால் ஆன மாதிரி தனியாக வேண்டும்.

பின்வீச்சும் அப்படித்தான். சிமுலேட்டரில் பின்னால் தீயும் புகையும் வராது, ஆகவே கன்னருக்குப் பின்னால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பின்னால் பார்த்து, 'பின்னால் யாரும் இல்லை' என்று சத்தமாகச் சொல்லாமல் விசையை அழுத்தினால் அந்த ஏவுதல் செல்லாது என்று வகுப்பில் கறாராக வையுங்கள்.

ஜாவலினில் இன்னொன்று. ஏவுகணையின் வெப்பக் கண்ணைக் குளிரவைக்கும் பேட்டரி-குளிர்விப்பான் ஒரு தடவை தொடங்கினால் நான்கு நிமிடம்தான், நிறுத்தி வைத்து மறுபடி பயன்படுத்த முடியாது. காலக்கெடு இல்லாமல் இலக்கைத் தேடிக்கொண்டே இருக்க விடும் சிமுலேட்டர் அந்த நான்கு நிமிடத்தின் அருமையைச் சொல்லித் தராது. மேலிருந்து தாக்கும் முறைக்குக் குறைந்தது 150 மீட்டர் தூரம் வேண்டும், நேராகத் தாக்க 65. மேலெழும்பிப் போகும் ஏவுகணை என்பதால் தலைக்கு மேலே மரக்கிளையோ கூரையோ இருந்தால் ஆபத்து. இதெல்லாம் மென்பொருளில் இருக்கிறதா என்று, மரத்தடியில் நின்று சுட்டுப் பார்த்துச் சோதியுங்கள்.

அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

'பத்துக்கு ஒன்பது' என்று திரையில் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். எத்தனை விநாடியில் இலக்கைக் கண்டார், எல்லைக்கு வெளியே சுட்டாரா, குறுக்குக்கோடு எவ்வளவு ஆடியது, ஏவிய பிறகு இடம் மாறினாரா, இவை தெரியாமல் அந்த ஒன்பதுக்கு அர்த்தம் கிடையாது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் மதிப்பெண் தானாக ஏறும்: மூன்றாவது தடவை டாங்கி எந்தப் புதருக்குப் பின்னாலிருந்து வரும் என்று எல்லோருக்கும் மனப்பாடம்.

கன்னரை மட்டும் பழக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். களத்தில் ஏவுகணையைப் பொருத்துபவர், கவனித்துச் சொல்பவர், கட்டளையிடுபவர் என்று ஒரு குழு வேலை செய்கிறது. அவர்கள் சிமுலேட்டர் அறையின் சுவரோரம் உட்கார்ந்து முறை வரட்டும் என்று காத்திருந்தால் பாதிப் பயிற்சி வீண்.

வெளிக்களத்து லேசர் கருவிகள்

நிஜக் குண்டுக்குப் பதில் லேசர் கதிரை இலக்கின் மேல் அடித்து அடி விழுந்ததா என்று காட்டும், 1980களில் பரவலான மைல்ஸ் போன்ற லேசர் பயிற்சிமுறைகள் படை-எதிர்-படை ஒத்திகைக்கு அருமையானவை, ஆனால் லேசர் வேறு, ஏவுகணை வேறு. இலை மறைத்தாலும் லேசர் நின்றுவிடும். புகைக்குள் தெர்மலில் டாங்கி தெளிவாகத் தெரியும், ஆனால் லேசர் புகையைத் தாண்டாததால் அடி விழாது. கன்னர் தன்மேல் தப்பு என்று நினைத்துக்கொள்வார். கம்பிவழி ஏவுகணையின் கம்பி மின்கம்பியில் மாட்டுவதையோ நீர்ப்பரப்பில் விழுவதையோ லேசர் காட்டாது. பயிற்சி முடிந்ததும் இந்த வித்தியாசங்களைப் பயிற்றுநர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலையில் குறிநோக்கியையும் லேசரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவராமல் களத்துக்குப் போனால் அன்றைய முடிவுகள் எல்லாம் குப்பை.

பயிற்சிக் குழாய்களுக்கு நீல நிறம் பூசுவது பல படைகளின் வழக்கம். நிறம் இருக்கிறதே என்று நிஜமானவற்றோடு ஒரே கிடங்கில் அடுக்கி வைக்காதீர்கள்.

வாங்கிய பிறகு

ஏவுகணையின் மென்பொருள் மாறும், குறிநோக்கியின் பொத்தான்கள் இடம் மாறும். சிமுலேட்டர் மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். பழைய பொத்தான் வரிசையைக் கைக்குப் பழக்கிவிட்டுப் புதியதைக் கொடுப்பது கொடுமை. நிஜக் கருவி மாறினால் எத்தனை மாதத்துக்குள் சிமுலேட்டரும் மாற வேண்டும், செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். உதிரிப் பாகங்களும் அப்படியே, முக்கியமாக விசையும் கைப்பிடியும், தினமும் பலர் கைபட்டுத் தேய்வது அவைதான். ஏற்றுக்கொள்ளும் சோதனைக்கு அதிகாரிகளை மட்டும் உட்காரவைக்காமல், நிஜ ஏவுகணையை ஏவிய அனுபவமுள்ள இரண்டு கன்னர்களை ஒரு நாள் முழுக்க அதில் விட்டு, எது நிஜம் மாதிரி இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.