கிளிமஞ்சாரோ ஏறப் போகிறீர்களா? முதலில் நாட்களை எண்ணுங்கள்

நான் தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை சுமார் 5,150 மீட்டரில், ஹான்ஸ் மேயர் குகைக்குப் பக்கத்தில், அதிகாலை மூன்று மணிக்குத் திரும்பிவிட்டேன். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, தலை வெடித்துவிடும் போலிருந்தது, கைடு தோளைப் பிடித்துக் கீழே இறக்கினார். மூன்று வருடம் கழித்துத் தம்பியோடு போனபோது 5,895 மீட்டர் உயர உஹுரு சிகரத்தில் நின்றேன். இடைப்பட்ட காலத்தில் என் உடம்பு பெரிதாகத் தேறிவிடவில்லை. முதல் பயணம் ஐந்து நாள், இரண்டாவது ஏழு நாள். வித்தியாசம் அதுதான்.

அதனால் யார் என்னிடம் கேட்டாலும் ஷூவைப் பற்றியோ ஜாக்கெட்டைப் பற்றியோ முதலில் பேச மாட்டேன். எத்தனை நாள் எடுக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

காரணம் எளிது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் பாதி. உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இப்போது ஐந்து நாள் மராங்கு பாதையைப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா குடில் 2,720 மீட்டர், இரண்டாம் இரவு ஹொரோம்போ குடில் 3,720, மூன்றாம் நாள் கிபோ குடில் 4,720. தினமும் ஆயிரம் மீட்டர். மூன்றாம் நாள் நள்ளிரவே எழுப்பி உச்சிக்குக் கிளம்பச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பயணத்தை விற்ற நிறுவனம் "ஐந்து நாள் தாராளமாகப் போதும்" என்றது. விலை குறைவாக இருந்ததால் நானும் மறுபேச்சு பேசவில்லை. மராங்குதான் வேண்டும், குடிலில்தான் படுப்பேன் என்றால் ஹொரோம்போவில் ஒரு இரவு கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் திட்டத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

என் சிபாரிசு மச்சாமே பாதையில் ஏழு நாள், அல்லது லெமோஷோ பாதையில் எட்டு நாள். இரண்டிலும் டென்ட்தான். மச்சாமேயில் மூன்றாம் நாள் சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் பாறை வரை ஏறி, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கும் பரான்கோ முகாமில் இறங்கித் தூங்குவீர்கள். உயர ஏறிவிட்டுத் தாழ வந்து தூங்கும் அந்த ஒரு நாளில் உடம்பு கற்றுக்கொள்வது அதிகம். லாவா டவரில் எனக்குத் தலை வலித்தது. பரான்கோவில் மாலை டீ குடிக்கும்போது வலி போன இடம் தெரியவில்லை. இதே பாதையை ஆறு நாளில் முடிப்பவர்கள் கரங்கா முகாமில் தங்காமல் நேராக உச்சிக்கு முந்தின கடைசி முகாமான பராஃபுவுக்குப் போய்விடுகிறார்கள். அந்த இரவை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாதம்: ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரை. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. மழைக்காலத்தில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் வடக்குப் பக்கத்து ரொங்காய் பாதை கொஞ்சம் காய்ந்திருக்கும்.

சரி, பணம். கைடு இல்லாமல் இந்த மலையில் ஏற அனுமதி கிடையாது. பதிவான நிறுவனம் மூலமாகத்தான் போக வேண்டும். நான் போனபோது வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் நாளுக்கு 70 டாலர், டென்ட் போட இரவுக்கு 50, மீட்புக்கென்று மொத்தமாக 20, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வாட் வரி. ஏழு நாளுக்குக் கூட்டினால் 950 டாலரைத் தாண்டும். இது அரசுக்குப் போகிற காசு, எந்த நிறுவனமும் இதில் தள்ளுபடி தர முடியாது. ஒருவர் ஏழு நாள் பயணத்தை 1,200 டாலருக்குத் தருகிறேன் என்றால், மிச்சமிருக்கும் 250 டாலரில் கைடு, சமையல்காரர், சுமை தூக்கும் போர்ட்டர்கள், ஒரு வாரச் சாப்பாடு, வண்டி எல்லாம் அடங்க வேண்டும். எங்கே குறைப்பார்கள்? போர்ட்டரின் கூலியிலும் தட்டிலும்தான்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் பயணத்தில் மழையில் நனைந்து வந்த ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, கிழிந்த கான்வாஸ் ஷூவோடு என் பையைக் கொண்டுவந்து வைத்தான். அன்று முழுக்க அவனுக்குக் கிடைத்தது ஒருவேளைச் சாப்பாடுதான் என்று மறுநாள் தெரிந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆகவே பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: போர்ட்டருக்கு நாள் கூலி எவ்வளவு, எத்தனை வேளைச் சாப்பாடு, எங்கே தூங்குகிறார்கள், எத்தனை கிலோ தூக்குகிறார்கள். சட்டப்படி சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. நுழைவாயிலில் தராசில் தொங்கவிட்டு நிறுத்துத்தான் விடுகிறார்கள். மலையடிவாரத்து மோஷி நகரில் கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. போர்ட்டர்களை ஒழுங்காக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை அந்தப் பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுத்தேன். அதே மூச்சில் இன்னும் இரண்டு கேள்வி: ஆக்சிஜன் சிலிண்டர் யார் கையில் வரும், எங்களில் ஒருவர் இறங்க வேண்டியிருந்தால் கூட இறங்க இன்னொரு கைடு உண்டா? இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். பயணக் காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை மலையேற்றம் என்று எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காப்பீடு பலதும் அதற்குக் கீழேயே நின்றுவிடும். விமானம் கென்யா அல்லது எத்தியோப்பியா வழியாக வந்து 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் தான்சானியாவில் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

பயிற்சிக்கு நான் ஓடவில்லை. நான்கு மாதம், வாரத்தில் நான்கு நாள், முதுகில் ஏழு கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்கினேன். இறங்குவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உச்சி தொட்ட அதே நாளில் சுமார் 2,800 மீட்டர் இறங்க வேண்டும், முட்டி அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஷூவை அரை சைஸ் பெரிதாக எடுங்கள், மலைக்கு முந்தின நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

பொருட்களில் மூன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: நன்றாகப் பழகிய ஷூ, மைனஸ் 15 டிகிரிக்குத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், உள்ளே மெல்லியதும் வெளியே தடித்ததுமாக இரண்டடுக்குக் கையுறை. ஸ்லீப்பிங் பேக், ஊன்றுகோல், பெரிய ஜாக்கெட்டை மோஷியில் வாடகைக்கு எடுக்கலாம். ஷூவை மட்டும் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜூன் முதல் தான்சானியாவில் தடை, துணிப்பைகளில் கட்டுங்கள்.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முக்கியமாக. எனக்கு 125 மில்லிகிராம், காலை மாலை இரண்டு வேளை என்று எழுதிக் கொடுத்தார்; விரல் நுனி மரத்ததுபோல் குறுகுறுத்தது, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. கிளம்பும் முன்பே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாத்திரை போட்டாலும் நாட்களைக் குறைக்க முடியாது.

மலையில் காதில் விழுந்துகொண்டே இருக்கும் வார்த்தை "போலே போலே", மெதுவாக மெதுவாக. எங்கள் கைடு என்னை "டாடா" என்று கூப்பிடுவார், ஸ்வாஹிலியில் சகோதரி. "டாடா, பேச முடிகிற வேகத்தில் நட. பேச்சு நின்றால் நீயும் நில்" என்றார். அதைத்தான் ஏழு நாளும் பிடித்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் வைத்துப் பார்ப்பார். தலைவலியை மறைக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஈரமான இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறுவது, இதில் ஏதாவது வந்தால் மருந்து ஒன்றே: அப்போதே, இருட்டாக இருந்தாலும், கீழே இறங்குவது.

உச்சி இரவு. பராஃபு என்றாலே ஸ்வாஹிலியில் பனிக்கட்டி. நள்ளிரவில் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, தடித்த கம்பளிக் காலுறைக்குள் தலைகீழாகச் செருகிப் பையில் வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும்; தலைகீழாக வைத்தால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பையை நம்பாதீர்கள், தம்பியின் குழாய் ஒரு மணி நேரத்தில் கட்டையாகிவிட்டது. ஹெட்லாம்ப்புக்கும் போனுக்கும் மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். அப்புறம் மேலே பார்க்காதீர்கள். முன்னே போகிறவரின் குதிகாலைப் பாருங்கள். நான் அவருடைய ஷூ சரளையில் பாதி வழுக்கி, பதிந்து, மறுபடி எழுவதை மட்டுமே ஆறு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 5,756 மீட்டரில் எரிமலை வாயின் விளிம்பான ஸ்டெல்லா பாயிண்ட் வந்தபோது கிழக்கே மாவென்சி சிகரத்துக்குப் பின்னால் ஆரஞ்சுக் கோடு விழுந்திருந்தது. "அக்கா, வந்துட்டோம்" என்றான் தம்பி. அங்கிருந்து உஹுருவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது.

டிப்ஸை ஊரிலிருந்து புறப்படும்போதே ஒதுக்கிவிடுங்கள். மலையில் ஏடிஎம் இல்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து கைடு, உதவிக் கைடு, சமையல்காரர், எட்டு போர்ட்டர்கள். கடைசி நாள் காலை எல்லோரும் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதைத் தம்பி உரக்கப் படித்தான். அப்படிப் படித்தால் நடுவில் எதுவும் காணாமல் போகாது. டாலர் நோட்டு புதிதாக, கிழிசல் மடிப்பு இல்லாமல் இருக்கட்டும், பழைய நோட்டை மோஷியில் மாற்ற மாட்டார்கள். கொடுக்க நினைக்கிற கையுறையோ ஜாக்கெட்டோ இருந்தால் அன்றைக்கே கொடுங்கள், ஆனால் டிப்ஸுக்குப் பதிலாக அல்ல. என் பையைச் சுமந்தவருக்கு என் ஷூ அளவு சரியாக இருந்தது. இறங்கும் பாதை முடிகிற ம்வேகா வாயிலில் உட்கார்ந்து கயிற்றைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, மோஷிக்குச் செருப்போடு போனேன்.