புது காமிக்ஸ் இதழுக்கு விமர்சனம் எழுத உட்காரும்போது

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவிலிருந்து ஹட்டன் டவுனுக்குப் போகும் பஸ்ஸில்தான் நான் காமிக்ஸ் வாசிப்பது. வழக்கமான இதழ் இருபது பக்கம் சொச்சம்; இறங்குவதற்குள் முடிந்துவிடும். அந்த ஒரு வாசிப்பை நம்பி விமர்சனம் எழுதாதீர்கள்.

முதல் தடவை கதைக்காக வாசியுங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். இரவு சாப்பிட்டு முடிந்து, பேச்சு பலூன்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், அடி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று வசனமில்லாமலே புரிகிறதா? அப்புறம், "ஓவியம் சூப்பர்" என்று எழுதி நிறுத்தாமல் ஒரேயொரு விஷயத்தைப் பிடித்துப் பேசுங்கள். 2024 அக்டோபரில் வந்த 'அப்சொல்யூட் பேட்மேன்' முதல் இதழை எடுங்கள். நிக் டிரகோட்டா வரைந்த பேட்மேனின் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய வௌவால் சின்னம் கழன்று கோடரியாகிறது. முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வெய்ன் மற்றக் கதைகளில் பெரும் பணக்காரன்; இதில் அப்படி இல்லை. உடம்பில் சுமப்பதுதான் அவன் ஆயுதம். எழுத்தாளர் ஸ்கொட் ஸ்னைடர் வசனத்தில் விளக்க வேண்டியதை அந்த இரும்புத் துண்டே சொல்லிவிடுகிறது. இப்படி ஒன்று கையில் கிடைத்தால் பாதி விமர்சனம் எழுதியாயிற்று.

குறை சொல்லும்போதுதான் அதிக கவனம் வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில் வந்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' முதல் இதழில் சண்டையே இல்லை என்று என் தம்பிக்குக் கோபம். ஜொனதன் ஹிக்மன் எழுதிய இந்தக் கதையில் ஸ்பைடர்மேனாகப் போகும் பீட்டர் பார்க்கருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்; அவனுக்குச் சக்தி தரும் சிலந்தி கடிக்க இதழின் கடைசி வரை காத்திருக்க வேண்டும். குடும்பஸ்தன் ஒருவன் தெரிந்தே இந்தச் சுமையை ஏற்பானா என்பதுதான் இங்கே கேள்வி. அதைச் சரியாகக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாத சண்டையைத் தேடினால், வேறொரு கதைக்கு எழுதிய விமர்சனமாகிவிடும். என்னைக் கேட்டால், அந்தக் காத்திருப்புத்தான் இதழின் பலம்.

வர்ணம் தீட்டியவர், எழுத்துப் பொறித்தவர் பெயர்களையும் போடுங்கள். புது இதழின் கடைசிப் பக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

விலையை மறக்கவே வேண்டாம். 4.99 டொலர் என்றால் நம் காசுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் வரும். 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த ஒருநாள் அடிப்படைச் சம்பளமே 1350 ரூபாய். அம்மா கொழுந்து பறித்த காசில் வளர்ந்தவன் நான். அந்தக் கணக்கு எனக்குத் தானாகவே வந்துவிடும். ஆகவே வாங்கலாமா, வேண்டாமா என்பதை நழுவாமல் எழுதுங்கள். அடுத்த இதழைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றால், அதையே எழுதுங்கள்.