கட்டுநாயக்கவிலிருந்து லண்டன்: விமானத் தூரமும் நேரமும் கணக்குப் பார்ப்பது எப்படி?

என் சித்தி துபாய்க்கு வேலைக்குப் போனபோது டிக்கெட்டில் புறப்பாடு மாலை 6.30, வருகை இரவு 9.30 என்று இருந்தது. மூன்று மணித்தியாலம்தானே என்று அம்மாச்சி பத்து மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி இருந்தார். சித்தி இறங்கியது நம் இலங்கை நேரப்படி இரவு 11 மணிக்கு. அந்தத் தவிப்பு இன்னொரு வீட்டில் வேண்டாம். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் லண்டனுக்கும் போகிறார்கள், அதையே கணக்குப் பார்ப்போம்.

படி 1: தூரம்

பள்ளிக்கூடத்து உலக உருண்டையை எடுங்கள். ஒரு நூலைப் பூமத்திய ரேகையில் ஒரு சுற்றுச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அதுதான் 40,000 கி.மீ. பிறகு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கொழும்பிலிருந்து லண்டன் வரை நூலை இறுக்கிப் பிடியுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் முழுச் சுற்று 94 செ.மீ., லண்டன் நூல் ஏறக்குறைய 20.5 செ.மீ. வரும். 20.5ஐ 94ஆல் வகுத்து 40,000ஆல் பெருக்கினால் சுமார் 8,700 கி.மீ. சுவர்ப் படத்தில் அடிக்கோல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கும்போது தூரம் மாறிவிடும். உருண்டை இல்லாதவர்கள் கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதியைப் பாவிக்கலாம்.

படி 2: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. போகும். 8,700ஐ 850ஆல் வகுத்தால் பத்தேகால் மணித்தியாலம். ஏறி இறங்குவதற்கும் எதிர்க்காற்றுக்கும் முக்கால் மணித்தியாலம் கூட்டி, 11 என்று வையுங்கள். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பெரும்பாலும் சீக்கிரம் வரும். இது நேரடி விமானத்துக்கான கணக்கு. இடையில் மாறிப் போனால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

படி 3: கடிகாரம்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அம்மாச்சியின் கணக்கில் விடுபட்டது அதுதான். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவதால் நாலரைதான்.

பகல் 1 மணிக்குப் புறப்பட்டால், 11 மணித்தியாலம் கூட்ட, நம் நேரம் நள்ளிரவு 12. கோடைகாலமென்றால் நாலரையைக் கழிக்க, லண்டனில் இரவு 7.30. முதலில் நம் நேரத்தில் கூட்டுங்கள், கடைசியில் மட்டும் கழியுங்கள்.

படி 4: வீட்டு வாசலிலிருந்து

மலையகத்து ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 90 கி.மீ. கூட இல்லை. ஆனால் வளைவு வளைவாக இறங்கிப் போக நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். மழைக்காலத்தில் கினிகத்தேனை, கித்துல்கல பக்கம் மண்சரிவு வந்தால் இன்னும் தாமதம். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே நிற்க வேண்டும் என்பதால் விடிகாலை 5 மணிக்கே கிளம்புங்கள்.

லண்டனில் இறங்கி, குடிவரவு வரிசையில் நின்று, பெட்டி எடுக்க ஒரு மணித்தியாலமாவது ஆகும். வீட்டுக்காரர்கள் நம் நேரம் இரவு 1 மணிக்கு அலாரம் வைத்துவிட்டு அதுவரை தூங்கலாம்.