வண்டி இழுக்கிறதா, நடுங்குகிறதா? அலைன்மென்ட் கடைக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

செங்கோட்டையிலிருந்து புளியரை ஏறி ஆரியங்காவு, தென்மலை வழியாக மலைப்பாதையில் கேரளத்துப் புனலூர் போய்வரும் கார்களில் நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்வது அபூர்வம். எஸ் வளைவில் எதிரே ஜல்லி லாரி வந்தால் ஓரத்துக் குழியில் இறங்கித்தான் ஏற வேண்டும். அதெல்லாம் சேர்ந்து ஒரு நாள் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், இல்லையென்றால் ஸ்டியரிங் நடுங்கும். உடனே "அலைன்மென்ட் போயிருச்சு", அதாவது சக்கரங்களின் சாய்வும் திசையும் மாறிவிட்டது என்று கடையில் கொண்டுபோய் விடுகிறோம். போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். டயரைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரிடம் எதைப் பார்க்கச் சொல்வது என்பதாவது தெரியும்.

காற்று கேஜ், டார்ச், தடித்த கையுறை, ஒரு தாள், பேனா, வண்டியோடு வந்த ஜாக்கி. இவ்வளவு போதும்.

முதலில் காற்று

காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். மலை இறங்கி வந்து பங்க்கில் அளந்தால் டயர் சூடாக இருக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைத்து அடிக்கக் கூடாது.

முன்னால் இடது டயருக்கும் வலது டயருக்கும் நாலைந்து பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி இழுக்கலாம். சமமாக அடித்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் கடைக்குப் போகும் செலவு மிச்சம். அதே டயரில் மறுபடி இறங்கினால் பஞ்சர் கடைக்குப் போங்கள்.

அடுத்து தேய்மானம்

ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி நிறுத்துங்கள். அப்போதுதான் முன் டயரின் உள்பக்கம் கண்ணில் படும். வெளியே நின்று பார்த்தால் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) நன்றாக இருப்பதுபோல் தோன்றும். டார்ச் அடித்துப் பார்த்த பஞ்சர் கடைக்காரர் "உள்பக்கம் தின்னுருக்கே அண்ணாச்சி" என்று சொன்ன பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. கையை வைக்கும் முன் கண்ணால் பாருங்கள். ரொம்பத் தேய்ந்த டயரில் உள்ளே இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு டயரிலும் உள்ஓரம், நடு, வெளிஓரம் மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் நெடுநாள் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் சக்கரத்தின் சாய்வோ திசையோ கெட்டிருக்கிறது. அதாவது அலைன்மென்ட், அல்லது அதைக் கெடுத்த தேய்ந்த பாகம்.

இங்கே மலைப்பாதைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு முன் டயரிலும் வெளிஓரம் மட்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால், வளைவுகளை வேகமாக எடுத்ததாலும் இருக்கலாம். வளைவில் வண்டியின் பாரம் வெளிப்பக்க டயரின் வெளிஓரத்தில்தான் விழும். அலைன்மென்ட் அளவு சரியாக வந்தும் வெளிஓரம் மறுபடி தேய்ந்தால், கடைக்காரரை விட்டுவிட்டு ஓட்டுகிறவரிடம் பேசுங்கள்.

இப்போது கையுறை போட்டுக்கொண்டு டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை. ஒரு திசையில் வழுவழுப்பாகப் போய், திரும்பும்போது ரம்பப் பல் மாதிரி சுரண்டினால், சக்கரம் நேராக உருளாமல் சறுக்கியபடி போகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் டோ, அதாவது சக்கரங்கள் பார்க்கும் திசை, கெட்டுவிட்டது என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும் கோளாறு இது.

சுற்றுவாட்டில் தடவும்போது இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பேலன்ஸ் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) என்று சந்தேகப்படுங்கள். ஷாக்கின் மேல் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் பெரும்பாலும் அதுதான்.

பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம். குழியில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்திருக்கிறது. ஸ்டெப்னியை மாட்டுங்கள், அந்த டயரை மறுபடி போடாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

மலையில் மெதுவாகத்தான் போக முடியும் என்பதால் பேலன்ஸ் குறை அங்கே தெரியாது. மதுரைப் பக்கம் திருமங்கலம் போய் நான்குவழிச் சாலையில் 80, 90-ஐத் தொடும்போதுதான் ஸ்டியரிங் நடுங்கும். நடுக்கம் கையில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். கடைக்கு ஓடும் முன் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். சாரல் காலத்தில் ஓரத்துச் சேறு அங்கே அப்பிக் காய்ந்துவிடும். அந்த ஒரு பிடி மண்ணே போதும், சக்கரத்தின் பேலன்ஸைக் கெடுக்க. கழுவியும் நடுங்கினால் பேலன்சிங் செய்யுங்கள்.

இழுப்பைச் சோதிக்க ஆள் இல்லாத சமதளச் சாலை வேண்டும். ஸ்டியரிங்கை விட்டுவிடாமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலை இடப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும், அதனால் லேசாக இடப்பக்கம் போவது கோளாறல்ல. பலமாக இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குறை டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட், அல்லது விடாமல் பிடிக்கும் பிரேக். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களை மட்டும் இப்படி மாற்றக் கூடாது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

ரீங்காரம் போலச் சத்தம் வந்தால் பேரிங் என்று சொல்லி மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போட்டுப் பாருங்கள். சத்தம் வரும் இடம் மாறினால் அது டயர்.

ஜாக்கி போட்டு ஆட்டம் பார்ப்பது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டிக்கு அடியில் போகவே கூடாது. முன் சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டு பக்கம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் மூட்டு) அல்லது பேரிங். ஆடும் பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால் காசு தண்டம், அடுத்த குழியிலேயே மறுபடி கெடும்.

ஆட்டம் இல்லையா, சரி, இப்போது அலைன்மென்ட் கடைக்குப் போகலாம். செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டு அளவும் உள்ள பிரிண்டைக் கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து வந்த பிறகும் கொஞ்ச நாள் சத்தம் இருக்கும். ஏற்கனவே கோணலாகத் தேய்ந்த ரப்பர் உடனே சமமாகிவிடாது.

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி கார் டயரை மாற்ற வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடுதான் அந்த அளவு. ஜூனில் மழை பிடித்த பிறகு தினமும் புளியரை இறங்குகிறவர் என்றால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள் என்பேன். இரண்டு டயர் மட்டும் வாங்குவதாக இருந்தால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.