ஏற்காடு மலைப்பாதைக்கு எந்த டர்போ? அளவையும் பூஸ்டையும் படிப்படியாகப் புரிந்துகொள்ளுங்கள்

டர்போ வண்டி கைக்கு வந்ததும் பலரும் கேட்பது, "பூஸ்டை எவ்வளவு கூட்டலாம்?" என்பதுதான். எந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள்) ஓட்டுகிறீர்கள் என்பதே முதலில் தெரிய வேண்டும். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை வைத்தே சொல்கிறேன்.

படி 1: பூஸ்ட் என்றால் என்ன?

உள்ளே போகும் காற்றுக்கு ஏற்றபடிதான் எஞ்சினால் எரிபொருளை எரிக்க முடியும். வெளியேறும் புகை டர்போவில் உள்ள டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. வெளிக்காற்றைவிடக் கூடுதலான அந்த அழுத்தமே பூஸ்ட். பார் என்பது அழுத்தத்தின் அலகு; வெளிக்காற்றே சுமார் 1 பார். எனவே பூஸ்ட் மீட்டர் 1 பார் காட்டினால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 2 பார்.

படி 2: சூட்டைக் கழியுங்கள்

அழுத்தம் இரட்டித்தால் சக்தியும் இரட்டிக்குமா? இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதேதான் இங்கும் நடக்கிறது. 27 டிகிரி காற்றை 2 பாருக்கு அழுத்தினால், கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால், சூடு 120 டிகிரியை எட்டும். அப்போது உள்ளே போகும் காற்று ஒன்றரை மடங்குதான். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்கு இறக்கினால் 1.85 மடங்கு. சூட்டைக் குறைக்காமல் பூஸ்டை மட்டும் ஏற்றினால் பெட்ரோல் எஞ்சின் 'நாக்' ஆகத் தொடங்கும் (எரிபொருள் தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம் எழும்), பிஸ்டனுக்கே ஆபத்து.

படி 3: டர்போவின் அளவைத் தேர்ந்தெடுங்கள்

வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்குகிறீர்கள். எஞ்சின் 1,500 ஆர்.பி.எம்.மில் முனகுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். பெரிய டர்போ என்றால் மீட்டர் முள் அசையாமல் கிடக்கும். கனமான சக்கரத்தைச் சுழற்ற அந்தப் புகை போதாது. முள் எழும்போது அடுத்த வளைவு வந்துவிடும். சின்ன டர்போ உடனே எழும், ஆனால் உயர் ஆர்.பி.எம்.மில் அதற்கு மூச்சு முட்டும். நான்குவழிச் சாலையில் விரைபவருக்குப் பெரியது பயன்படலாம். மலை ஏறுபவருக்குச் சின்னதையே சொல்வேன். டர்பைன் சக்கரத்தைச் சுற்றியுள்ள இறகுகள் திசை மாறும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 4: உயரத்தையும் சேருங்கள்

சேலத்தில் வெளிக்காற்று சுமார் 0.98 பார். 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் சுமார் 0.85. கீழே 1 பார் பூஸ்டோடு கிடைக்கும் அதே 1.98 பாரை மேலேயும் கொடுக்க, டர்போ 2 மடங்குக்குப் பதில் 2.3 மடங்கு அழுத்த வேண்டும். இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அடிவாரத்திலேயே எல்லைவரை பூஸ்டை ஏற்றி வைத்தவருக்கு மேலே கைவசம் எதுவும் மிஞ்சாது.

படி 5: சோதித்துப் பாருங்கள்

புறப்படுமுன் காற்றுக் குழாய்களின் கிளாம்புகளை இறுக்கிப் பாருங்கள். மீட்டரைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கட்டும். ஓட்டுபவரின் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவு முடிந்ததும் முள் எழ எத்தனை நொடி ஆகிறது என்று அவரையே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.