துருக்கி வினாத்தாளில் தனியாகப் பிரிந்த 9 கூற்றுகள்

சிந்திப்பதில் ஒருவருக்குள்ள நாட்டத்தை அளக்கும் 'நீட் ஃபார் காக்னிஷன்' வினாத்தாளின் 1984 சுருக்க வடிவில் 18 கூற்றுகள். அதில் 9 எதிர்ப்பொருளில் எழுதப்பட்டவை, தலைகீழாக மதிப்பெண் போடவேண்டியவை. துருக்கி வடிவத்தில் அந்த 9 மட்டும் தனிக் காரணியாக, அதாவது வேறெதையோ அளப்பதுபோல் தனிக் குழுவாக, பிரிந்தன.

முதலில் மதிப்பெண்ணைத் திருப்பியாயிற்றா என்று பார்க்கணும். 5 புள்ளி அளவுகோலில் 6-லிருந்து விடையைக் கழிக்க வேண்டும். அதை விட்டால் ஆல்ஃபா, அதாவது கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், படுத்துவிடும். இங்கே அது சரியாகவே இருந்தது.

கோளாறு வினைமுற்றில். துருக்கியிலும் நம்மைப் போல வினை கடைசியில்தான். மறுப்பு அதற்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். 'செவெரிம்' என்றால் பிடிக்கும், 'செவ்மெம்' என்றால் பிடிக்காது. வேகமாகப் படிப்பவர் கண்ணில் வித்தியாசம் தப்பிவிடும். அதற்கு 'உடன்படவில்லை' என்று குறிப்பதோ இரட்டை மறுப்பு, தலை சுற்றும்.

ஆகவே மறுப்பு விகுதியை எடுத்துவிட்டு, 'தவிர்க்கிறேன்' போன்ற நேர்வினையால் கூற்றுகளை மாற்றி எழுதினேன். பிறகு சிலரை உரக்கப் படித்து, ஏன் இந்த விடை என்று சொல்லச் சொன்னேன். இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

மிச்சமிருந்த பிளவுக்கு, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் லவான் தொகுப்பில் 18-க்கும் ஒரு பொதுக் காரணி, அந்த 9-க்கு மட்டும் கூடுதலாக ஒரு முறைக் காரணி, அதாவது கூற்றை எழுதிய விதத்தால் வரும் விளைவைத் தனியாகப் பிடிப்பது. இரண்டுக்கும் இடையே தொடர்பு பூஜ்யம். விடைகளை வரிசைத் தரவாக (எது கூட, எது குறைவு என்று மட்டும் சொல்லும் தரவாக) அறிவித்து, அதற்கேற்ற டபிள்யூஎல்எஸ்எம்வி மதிப்பீட்டு முறையைப் போட்டேன். அந்த 9-ஐ வெட்டி எறிவது சுலபம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரைக் கண்டுபிடிக்க வழியிருக்காது.