தூண் நிற்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள்: ஆற்றோர மேம்பாலச் சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி

என் தம்பி மகன் படிப்பை முடித்துவிட்டுத் தில்லியில் ஒரு சாலை வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறான். முதல் வாரமே அவன் மேசைக்கு ஆற்றோர மேம்பாலச் சாலை ஒன்றின் ஃபைல் வந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்: “அத்தை, ரோடு தூண் மேலதானே போகுது? ஆத்தைத் தொடவே இல்லையே. இதுக்கு எதுக்கு இவ்வளவு அனுமதி?”

இருபத்தாறு வருடமாக இந்தக் காகிதங்களைத் தயாரிப்பதுதான் என் பிழைப்பு. தலை நரைத்த பொறியாளர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் யமுனையிலிருந்து வரும். மயூர் விஹாரில் குடியிருப்பவளுக்கு வேறு எந்த ஆறு தெரியும்?

படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் வரைபடத்தை எடுத்து வைத்துத் தூண்களை எண்ணுங்கள். பாதி நாள் போகும், போகட்டும். ஒவ்வொரு தூணுக்கும் நேராக மூன்று விஷயம் எழுதுங்கள்: அது எந்த மண்ணில் நிற்கிறது, அந்த நிலம் யாருடையது, அங்கே பைல் (தூணுக்கு அடியில் ஆழமாக இறக்கும் கான்கிரீட் அஸ்திவாரம்) போடும் இயந்திரம் எந்த வழியாகப் போகும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஆற்றுப் படுகையில் அந்த இயந்திரம் தானாக நிற்காது. அதற்கு மண் கொட்டி மேடு போடுவார்கள், மேட்டுக்குப் போக மண் பாதை போடுவார்கள். பைல் துளை சரியாமலிருக்க ஊற்றும் பெண்டோனைட் என்ற களிமண் குழம்பைத் தேக்கத் தொட்டி வெட்டுவார்கள். தூண்கள் மேல் வைக்கும் கர்டர் என்ற உத்திரங்களை வார்க்கும் யார்டு, கான்கிரீட் கலக்கும் பிளான்ட், தொழிலாளர் குடிசைகள் எல்லாம் பக்கத்திலேயே வரும். சாலை ஆற்றைத் தொடாது, சரி. சாலையைக் கட்டுகிற வேலை தொடும். அனுமதிக்காகக் கொடுக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். அந்த அறிக்கையை ஆராயும் மதிப்பீட்டுக் குழு கூட்டத்தில் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அப்புறம் நேரில் போங்கள். வெள்ளச் சமவெளியை இங்கே எல்லோரும் ‘காதர்’ என்பார்கள், கரையை ‘புஷ்தா’ என்பார்கள். இந்த இரண்டு சொல்லும் தெரியாமல் போய் நின்றால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். காதரில் கீரையும் முள்ளங்கியும் பயிரிடுகிறவர்களிடம், 2023 ஜூலையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். மரத்தைக் காட்டுவார்கள், சுவரைக் காட்டுவார்கள். அந்த வருடம் ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தில் அளவு 208.66 மீட்டர். அபாயக் குறி 205.33. அதற்கு முந்தைய உச்சம் 1978-இல் வந்த 207.49. காதர் குடும்பங்கள் மாடு கன்றோடு எங்கள் பக்கத்துச் சாலை ஓரங்களில் பிளாஸ்டிக் கூரை போட்டுக் கிடந்ததைத் தினமும் பார்த்தோம். இப்போது எந்த அறிக்கையில் உச்ச வெள்ள மட்டம் என்று 1978-இன் எண்ணைப் பார்த்தாலும், பழைய அறிக்கையிலிருந்து நகலெடுத்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நானும் ஒன்றும் ஒழுங்கில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மே மாத வெயிலில் ஒரு ஆற்றோரம் போய் அளந்துவிட்டு, ஒரு நீளப் பள்ளத்தை ‘தரிசு நிலம்’ என்று எழுதினேன். இரண்டு தூண் அதில் நின்றன. குழுவில் ஒரு பெரியவர் பழைய செயற்கைக்கோள் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் தரிசு என்றது ஆற்றின் கிளை வாய்க்கால். மழையில் முழங்கால் தண்ணீர் ஓடுமாம். ஃபைல் திரும்பியது, ஆறு மாதம் போனது. அன்றிலிருந்து, அக்டோபரில் ஒரு முறையும் மேயில் ஒரு முறையும் பார்க்காத இடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

எந்த வாசலைத் தட்டுவது?

2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் அடிப்படை. அதன் அட்டவணையில் 7(எஃப்) என்ற வரி நெடுஞ்சாலைகளுக்கானது. ஆனால் அது பேசுவது தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை பற்றித்தான். நகராட்சியோ பொதுப்பணித் துறையோ கட்டும் ஊர்ச் சாலை அதில் நேரடியாக இல்லை. ‘அப்படியென்றால் அனுமதியே வேண்டாம்’ என்று ஒரு கட்சி கிளம்பும். அவசரப்படாதீர்கள். அதே அட்டவணையில் கட்டுமானத் திட்டங்களுக்கென்று 8(ஏ), 8(பி) என்ற வரிகளும் இருக்கின்றன. 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பில் 8(ஏ) தொடங்குகிறது, 1,50,000-இல் 8(பி). 3 கி.மீ. நீளம், 18 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலே மேல்தளம் 54,000 சதுர மீட்டர் வந்துவிடும்.

சாலைத் தளம் ‘கட்டுமானப் பரப்பு’ ஆகுமா என்பதில்தான் சண்டை. வஜிராபாத்தில் சிக்னேச்சர் பாலத்தைப் பற்றிய வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல், பாலங்களும் இந்த வரிகளுக்குள் வரும் என்றது. மும்பைக் கடற்கரைச் சாலையின் அனுமதிகளை 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும், 2006 அறிவிக்கையின்படி அனுமதி வாங்கவில்லை என்பது ஒரு காரணம். அந்த வருட டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. இரு பக்கமும் கையில் காகிதம் வைத்திருக்கிறார்கள். ஆகவே நான் சொல்வது: நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். திட்ட விவரத்தோடு அதிகாரம் பெற்ற அமைப்புக்குக் கடிதம் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘வேண்டாம்’ என்று பதில் வந்தாலும் அந்தக் காகிதம் பின்னால் பொன்னுக்குச் சமம்.

‘வேண்டும்’ என்றால் வழி பரிவேஷ், அதாவது சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் மத்திய அரசின் இணையதளம். மாநில அளவில் முடிவாகும் பி வகைத் திட்டம் மாநில மதிப்பீட்டுக் குழுவுக்கும் அங்கிருந்து மாநில ஆணையத்துக்கும் போகும். அந்த ஆணையத்தின் பதவிக்காலம் முடிந்து புதியது அமையாமல் இருந்தால், அறிவிக்கைப்படி ஃபைல் மத்திய அமைச்சகத்துக்குப் போய்விடும். விண்ணப்பிக்கிற வாரத்தில் இதை ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. அறிக்கை தயாரிக்கும் கன்சல்டன்டுக்கு நாபெட் (இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குத் தகுதிச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா, அதுவும் உங்கள் துறைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

யமுனை என்றால் இதோடு முடியாது. கங்கைப் புனரமைப்பு ஆணை 2016 அக்டோபரில் வந்தது. அதன்படி கங்கை மேலோ கரையிலோ வெள்ளச் சமவெளியிலோ பாலமும் அதைச் சேர்ந்த சாலையும் கட்ட, தூய கங்கைக்கான தேசிய இயக்கத்தின் முன் ஒப்புதல் வேண்டும். கிளை ஆறுகளுக்கும் இது பொருந்தும், யமுனையும் அதில் சேர்த்தி. நிலம் தில்லி மாஸ்டர் பிளானில் ஆற்றுப் பகுதிக்கான ‘ஓ’ மண்டலத்தில் வரும், அதற்குத் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் கதவு. ஓக்லா அணைக்கட்டு உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறையின் கையில் இருப்பதால் தெற்கே போகப் போக அவர்களும் வருவார்கள். ஓக்லா பறவைகள் சரணாலயத்தைச் சுற்றிய பகுதி தனிக் கணக்கு.

தூண்கள் வெள்ளத்தை எவ்வளவு தடுக்கும், தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறும், அடிமண் எவ்வளவு அரிக்கும் என்பதற்கு, ஆற்றைப் போலவே ஒரு மாதிரி அமைத்துப் பார்க்கும் ஆய்வு கேட்பார்கள். புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிற மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில்தான் பெரும்பாலும் அது நடக்கும். மாதக்கணக்கில் ஆகும். அலைன்மென்ட் (சாலை போகும் தடம்) உறுதியானதும் முதலில் எழுத வேண்டிய கடிதம் அதுதான். எல்லோரும் அதைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள், ஏனோ தெரியவில்லை.

அளவீடு

மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துக்குக் காற்று, நீர், சத்தம், மண் எல்லாம் அளக்க வேண்டும். தில்லியில் கன்சல்டன்ட்கள் மார்ச் முதல் மே வரையைத்தான் எடுப்பார்கள். காரணம் ஊரறிந்தது. குளிர்காலத்தில் பிஎம் 2.5 என்ற நுண்தூசியின் எண்ணைப் பார்த்தால் அறிக்கையைக் கையில் எடுக்கவே மனம் வராது. 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். அதைத் தாண்டாத ஜனவரி நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோடையில் அளப்பது விதிக்கு விரோதமில்லை. ஆனால் பறவைகளைக் கோடையில் எண்ணாதீர்கள். யமுனைக்கு வலசை வருபவை நவம்பரில் வந்து பிப்ரவரியில் கிளம்பிவிடும். மே மாதப் பட்டியலில் மைனாவும் காக்கையும் கொக்கும்தான் இருக்கும். குழுவில் பறவை தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், அவர் சிரிப்பார். பறவைக்கு மட்டும் குளிர்காலத்தில் நான்கு காலைப்பொழுது தனியாக ஒதுக்குங்கள்.

சத்தத்தைத் தரையில் மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். சாலை மூன்றாவது மாடி உயரத்தில் போகப்போகிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். மூன்றாவது மாடி ஜன்னலில் அளந்தால்தான் தடுப்புச் சுவர் எங்கெங்கே வேண்டும் என்று தெரியும். இதற்காக யார் வீட்டிலாவது போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். மயூர் விஹாரில் எனக்குத் தமிழ் கைகொடுத்தது. ஒரு மாமி காபி கொடுத்து, பால்கனியில் கருவி வைக்க இடமும் கொடுத்தார்.

மரங்கள்

இதற்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தில்லியில் திட்டங்கள் வருடக்கணக்கில் தூங்குவது பெரும்பாலும் இங்கேதான். சராய் காலே கானிலிருந்து மயூர் விஹாருக்கு வரும் பாராபுல்லா மேம்பாலச் சாலையின் மூன்றாம் கட்டம் சுமார் மூன்றரை கி.மீ. தான். 2015-இல் வேலை தொடங்கியது. நிலத் தகராறும் மரங்களும் சேர்ந்து அதை எத்தனை வருடம் இழுத்தன என்பது எங்கள் பேட்டையில் பால்காரருக்கும் தெரியும்.

1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘மரம்’ என்றால், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும், மொத்தம் ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே போதும். நம் கண்ணுக்கு அது செடி, சட்டத்துக்கு மரம். ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பெரிய மரங்களை மட்டும் எண்ணி 90 என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் திரும்ப எண்ணியபோது 211. இரண்டாவது எண்ணிக்கை வெளியே வந்ததும் முதல் எண்ணிக்கை ஏமாற்று வேலையாகவே பார்க்கப்பட்டது. எனவே ஒவ்வொரு மரத்துக்கும் எண் பலகை, இனம், சுற்றளவு, ஜிபிஎஸ் புள்ளி, படம். சோம்பல் கூடாது.

ஒரு மரத்துக்குப் பத்து மரம் நட வேண்டும். 2020-ஆம் ஆண்டின் இடமாற்றக் கொள்கைப்படி, பாதிக்கப்படும் மரங்களில் 80 சதவீதத்தையாவது பெயர்த்து நட வேண்டும், நட்டதில் 80 சதவீதம் ஒரு வருடம் கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும். முற்றிய மரத்தைப் பெயர்த்து நட்டால் பிழைக்கும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை, காய்ந்து நின்றவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பர் முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்கள் என்றால் உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். வடிவமைப்பாளரிடம் போய் “இந்த ஆறு தூணை நாலு மீட்டர் நகர்த்த முடியுமா?” என்று கேட்பது இதையெல்லாம்விட மலிவு. முடியாது என்பார்கள். மர வரைபடத்தைக் காட்டினால் பாதியாவது நகரும்.

மனிதர்கள்

அட்டவணையின் 8-ஆம் வரியில் வரும் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை என்று 2006 அறிவிக்கையே சொல்கிறது. அப்பாடா என்று மூச்சு விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் போன வீடுகள் பின்னால் வழக்காக வரும். 2010-இல் திறந்த பாராபுல்லா முதல் கட்டம் நாலாவின் (பெரிய கழிவுநீர் ஓடை) மேலேயே போகிறது. அந்த நாலாவின் ஓரம் ஜங்புராவில் மதராஸி கேம்ப் இருந்தது. வீட்டு வேலை, இட்லிக் கடை என்று அரை நூற்றாண்டு இருந்த நம் ஜனங்கள். நாலாவைச் சுத்தம் செய்யவேண்டும் என்று நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அதை இடித்தார்கள். தகுதி உண்டு என்று கணக்கில் வந்தவர்களுக்கு வீடு நரேலாவில், ஊரின் இன்னொரு கோடியில். அது சாலைக்காக நடந்த இடிப்பு இல்லை. ஆனால் நீரோரத்தில் வேலை என்றால் யார் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே பார்த்தேன். உங்கள் அறிக்கையில் வீடு வீடாகக் கணக்கெடுங்கள், காதர் விவசாயிகளையும் நர்சரிக்காரர்களையும் சேர்த்து. ‘ஆக்கிரமிப்பு’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடாதீர்கள்.

அனுமதி வந்த பிறகு

கடிதம் வந்த ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60. அந்த 90 நாளில் மரம் வெட்ட ஆளை அனுப்ப வேண்டாம் என்பேன். ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று சொல்லும் இணக்க அறிக்கை.

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைக் கண்ணாடி போட்டு மாட்டாமல் டெண்டரின் விலைப் பட்டியலில் தனி வரிகளாக ஏற்றுங்கள். பெண்டோனைட் குழம்பை அப்புறப்படுத்த இவ்வளவு, மண் பாதையை எடுக்க இவ்வளவு என்று ரூபாய் எழுதினால்தான் ஒப்பந்தக்காரர் செய்வார். யமுனைச் சமவெளியில் கட்டுமானக் கழிவு கொட்டினால் 50,000 ரூபாய் என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. ஒரு பெரிய திட்டத்துக்கு அது டீ செலவு.

கால அட்டவணையும் ஆற்றைப் பார்த்துப் போட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை படுகையில் இறங்க முடியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று மோசமாகி கிராப் (காற்று மாசுக்கு ஏற்ப நிலை நிலையாகக் கட்டுப்பாடு போடும் திட்டம்) நான்காம் நிலை வந்தால் மேம்பால வேலையும் நிற்கும். நம்பி வேலை செய்ய மிஞ்சுவது பிப்ரவரி முதல் ஜூன் வரை. வருடம் முழுக்கப் பைல் போடுவதாக வரைந்த அட்டவணையைக் கண்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தம்பி மகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காதருக்குப் போகிறான். மண் பாதை வரப்போகிற இருபது இடங்களில் நின்று, அதே கோணத்தில் படம் எடுத்துத் தேதி போட்டு வைக்கிறான். வேலை முடிந்ததும் அதே இடங்களில் திரும்ப எடுக்க வேண்டும். மேடு கரைந்ததா, அப்படியே கிடக்கிறதா என்று கேட்டால் நீட்ட வேறு காகிதம் கிடையாது.